பழைய பதிப்பும் புதிய பரீட்சையும்

குண்டசாலையில் எனது கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் கொப்பியும் பேனையும் வாங்க வருகிறவர்கள். மீதிப் பேர் போட்டோ கொப்பி எடுக்க வருகிறவர்கள். புத்தகம் தேடி வருகிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அவர்களுக்காகக் கடையின் பின் மூலையில் பாவித்த புத்தகங்களை ஓர் இறாக்கையில் அடுக்கி வைத்திருக்கிறேன். சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போகும்போது மருதானைப் பக்கம் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் பழைய புத்தகக்காரர்களிடம் கட்டாக வாங்கி வருவது என் பழக்கம். கட்டுக்குள் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்குவதில்லை. அட்டை நன்றாக இருந்தால் நல்ல புத்தகம். அதுதான் என் கணக்கு.

கடந்த வருடம் அந்தக் கணக்கு பிழைத்தது. நஷ்டம் எனக்கல்ல, எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருவருக்கு.

உயர்தரம் முடித்து, கணனிப் பாடநெறி ஒன்றும் செய்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவர் அவர். கட்டாரில் இருக்கும் அவரது மச்சான், "ஐட்டில் சான்றிதழ் ஒன்றை எடுத்துக்கொண்டு வா, ஹெல்ப் டெஸ்க் வேலைக்கு அனுப்பிப் பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தார். ஒரு நாள் அஸருக்குப் பிறகு கடைக்கு வந்தார்.

"மாமா, ஐட்டில் புத்தகம் ஒன்னு உங்கட கடையில இருக்குன்னு சொன்னாங்க."

"பின்னால பாருங்க மகன்."

பார்த்தார், இருந்தது. பளபளப்பான அட்டை, உள்ளே ஒரு கீறலும் இல்லை. கடைசிப் பக்கங்களில் மாதிரி வினாக்கள் வேறு. 1,500 ரூபாய்க்குக் கொடுத்தேன். தெரிந்த பிள்ளை என்று 200 ரூபாய் கழித்தும் கொடுத்தேன். இருவருக்கும் சந்தோசம்.

மூன்று மாதம் அதைப் படித்தார். நகரத்தில் ஒரு தனியார் வகுப்புக்கும் போனார். அங்கு கொடுத்த குறிப்புகளும் அதே புத்தகத்தைத் தழுவியவையாக இருந்ததால் சந்தேகம் எழவில்லை. பரீட்சைக்குப் பத்து நாட்கள் இருக்கும்போது மச்சானின் அட்டையில் டொலரில் பணம் கட்டிப் பரீட்சை வவுச்சரை வாங்கினார்கள். அதனோடு பரீட்சைக்குரிய உத்தியோகபூர்வ மின்னூலும் வந்தது. திறந்து பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதிலுள்ள அத்தியாயங்கள் வேறு, படங்கள் வேறு. மூன்று மாதமாக மனப்பாடம் செய்த ஐந்து கட்டங்கள் அங்கே பாடமாகவே இல்லை. நான் விற்றது முந்திய பதிப்பு. வகுப்பில் சொல்லிக்கொடுத்ததும் முந்திய பதிப்பு. பரீட்சையோ அதற்கு அடுத்த பதிப்பில்.

பத்து நாளில் என்ன செய்ய முடியும்? 40 வினாவில் 22 சரி. 26 தேவை. நான்கு வினாவில் போனது.

அந்தப் பிள்ளை என்னோடு சண்டைக்கு வரவில்லை. புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "இத வேற யாருக்கும் குடுத்துடாதீங்க மாமா" என்றார். நான் 1,300 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் பரீட்சைக் கட்டணத்தை யார் திருப்பிக் கொடுப்பது? மூன்று மாதத்தை யார் திருப்பிக் கொடுப்பது? அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த விடயத்தைத் தேடிப் பார்க்கவும், தெரிந்த பிள்ளைகளிடம் கேட்டறியவும் தொடங்கினேன். கேட்டதில் விளங்கியதை இந்த வாரம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், இந்த ஐட்டில் என்பது என்ன? கணனி தெரியாத பெற்றோருக்கும் விளங்க வேண்டும் என்பதால் என் கடையையே உதாரணமாகச் சொல்கிறேன்.

ஒரு நாள் கடையில் கூட்டம் நிற்கும்போது பில் அடிக்கும் கணனி நின்றுவிட்டது. நிறுத்தி மறுபடி போட்டோம், வேலை செய்தது. திடீரென்று வந்த தடங்கல், உடனே நீக்கினோம். இதை அவர்கள் "இன்சிடன்ட்" என்கிறார்கள். ஆனால் அது வாரம் தவறாமல் நின்றது. ஏன் என்று பார்த்தால், போட்டோ கொப்பி இயந்திரமும் கணனியும் ஒரே மின் இணைப்பில் இருந்தன. இந்த மூல காரணம்தான் "ப்ரொப்ளம்". வயரை மாற்ற வேண்டும். அதைப் பாடசாலை தவணை தொடங்கும் வாரத்தில் செய்தால் வியாபாரம் கெடும். ஆகவே ஒரு ஞாயிறு மாலை, எலக்ட்ரீஷியன் வரும் நேரம், யார் நிற்பது, பிழைத்தால் என்ன செய்வது என்று தீர்மானித்துவிட்டுச் செய்தோம். இது "சேஞ்ச்". ஆயிரக்கணக்கான கணனிகள் உள்ள ஒரு வங்கியோ வைத்தியசாலையோ இவற்றையெல்லாம் ஒழுங்காகச் செய்வதற்கான நடைமுறைத் தொகுப்புத்தான் ஐட்டில். தகவல் தொழினுட்பச் சேவை முகாமைத்துவம் என்று இதற்குப் பெரிய பெயர். கொழும்பிலும் வளைகுடாவிலும் உதவி மேசை வேலைகளுக்கு ஆள் எடுக்கும்போது இந்தச் சான்றிதழைக் கேட்கிறார்கள் என்பதால்தான் நம் பிள்ளைகள் இதைத் தேடுகிறார்கள்.

இதன் வரலாற்றைப் பார்த்தால் என் புத்தகத்துக்கு நேர்ந்தது என்னவென்று புரியும். 1980களின் பிற்பகுதியில் பிரித்தானிய அரசாங்கத்தின் கணனி, தொலைத்தொடர்பு முகவர் நிலையம் இதை உருவாக்கத் தொடங்கியது. முதல் புத்தகங்கள் 1989இல் வந்தன. அந்த முதல் தொகுப்பு 30க்கும் மேற்பட்ட புத்தகங்களாக வளர்ந்தது. 2000, 2001 காலத்தில் அதைச் சுருக்கி இரண்டாம் பதிப்பு வந்தது. 2007இல் மூன்றாம் பதிப்பு, ஐந்து புத்தகங்களாக. 2011இல் அதைத் திருத்தி மீண்டும் வெளியிட்டார்கள். 2013இல் பிரித்தானிய அமைச்சரவை அலுவலகமும் கெப்பிட்டா கம்பனியும் சேர்ந்து அக்சலோஸ் என்ற கூட்டு நிறுவனத்தை அமைத்து அதன் கையில் இதைக் கொடுத்தன. 2019 பெப்ரவரியில் நான்காம் பதிப்பின் அடிப்படை நூல் வெளியானது. 2021இல் அக்சலோஸையே பீப்பிள்சேர்ட் என்ற பரீட்சை நிறுவனம் வாங்கிவிட்டது.

பாருங்கள், முப்பது வருடத்தில் எத்தனை பதிப்பு, எத்தனை உரிமையாளர்! இந்தச் சரக்கு தேங்காயெண்ணெய் போன்றதல்ல. பால்மா போன்றது. டின்னைத் திருப்பித் திகதி பார்க்காமல் வாங்கக் கூடாது.

நான் விற்றது மூன்றாம் பதிப்புக்கான வழிகாட்டி. மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் அட்டை மட்டுமா மாறியது? இல்லை. மூன்றாம் பதிப்பு ஒரு சேவையின் வாழ்க்கையை ஐந்து கட்டங்களாகப் பிரித்து, 26 செயன்முறைகளைச் சொன்னது. நான்காம் பதிப்பு அந்த ஐந்து கட்டங்களையும் மையத்திலிருந்து எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாகச் சேவைப் பெறுமதி முறைமை என்ற ஒரு படம், அதற்குள் ஆறு செயற்பாடுகளைக் கொண்ட ஒரு சங்கிலி, ஏழு வழிகாட்டிக் கொள்கைகள், நான்கு பரிமாணங்கள், 34 நடைமுறைகள் வந்தன. சேவை என்றால் என்ன என்பதற்கான வரைவிலக்கணத்தின் உயிரே மாறியது. பழையதில் சேவை வழங்குபவர் வாடிக்கையாளருக்குப் பெறுமதியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். புதியதில் இருவரும் சேர்ந்து பெறுமதியை உண்டாக்குகிறார்கள். வியாபாரிகளாகிய நமக்கு இந்த வித்தியாசம் நன்றாக விளங்கும். ஆனால் பரீட்சைத் தாளில் நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் பிள்ளைக்கு, பழையதை மனப்பாடம் செய்திருந்தால், பிழையான விடைதான் மிக அழகாகத் தெரியும்.

இதிலுள்ள பெரிய ஆபத்து, மாறாதவையும் இருப்பதுதான். இன்சிடன்ட் என்பதன் பொருள் பெரிதாக மாறவில்லை. ப்ரொப்ளம் என்பதில் ஒரு சிறு நீட்டல் வந்தது. தடங்கலுக்குக் காரணமாக இருப்பது மட்டுமல்ல, காரணமாகக் கூடியதும் ப்ரொப்ளம்தான் என்றானது. மூன்றாம் பதிப்பின் அடிப்படைப் பரீட்சையில் 40 வினா, 60 நிமிடம், சித்தியடைய 26. நான்காம் பதிப்பு வந்தபோதும் அதே 40, அதே 60, அதே 26. பழைய புத்தகத்தின் பின்பக்கத்தில் 40 வினாக்களைப் பார்க்கும் பிள்ளை, "சரியான புத்தகம்தான்" என்று நம்பாமல் என்ன செய்வார்? முழுவதும் வேறாக இருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். பாதி ஒத்திருப்பதுதான் மூன்று மாதத்தைத் தின்றது.

ஒரே பதிப்புக்குள்ளும் மாற்றம் வரும். நான்காம் பதிப்பு 2019இல் முதலில் அச்சானபோது, மாற்றங்களைக் கையாளும் நடைமுறைக்கு "சேஞ்ச் கண்ட்ரோல்" என்று பெயர். பின்னர் அதை "சேஞ்ச் எனேபிள்மன்ட்" என்று மாற்றினார்கள். ஆகவே நான்காம் பதிப்பு என்று அட்டையில் இருந்தால் மட்டும் போதாது. எந்தப் பாடத்திட்டத்துக்கு ஏற்ப எழுதப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். அச்சிட்ட ஆண்டு வேறு, பதிப்பு வேறு, பாடத்திட்டம் வேறு. பழைய நூலை நேற்று மறு அச்சுப் போட்டாலும் அது பழைய நூல்தான்.

இது ஐட்டிலுக்கு மட்டும் உரிய நோயல்ல. சிஸ்கோ நிறுவனம் 2020 பெப்ரவரி 24இல் தனது சீ.சீ.என்.ஏ. பரீட்சையை முழுவதுமாக மாற்றியது. மைக்ரோசொப்டின் எம்.சீ.எஸ்.ஈ. சான்றிதழ் 2021 ஜனவரியோடு நிறுத்தப்பட்டது. ஒரு காலத்தில் அந்த மூன்று நான்கு எழுத்துகளைப் பலகையில் போட்டே வகுப்பு நடத்தினார்கள். அந்தப் புத்தகங்கள் எல்லாம் எங்கே போயின? என்னைப் போன்றவர்களின் இறாக்கைக்குத்தான்.

நம் ஊர்ப் பெற்றோருக்கு இது புதிய விடயமும் அல்ல. 2019 உயர்தரப் பரீட்சை பழைய பாடத்திட்டம், புதிய பாடத்திட்டம் என்று இரண்டாக நடந்தது ஞாபகமிருக்கும். அந்த வருடம் கடந்தகால வினாத்தாள் புத்தகம் வாங்க வந்த உம்மாமார் எல்லோரும், "பழசா புதுசா?" என்று கேட்டுத்தான் வாங்கினார்கள். நானும் இரண்டையும் வேறு வேறாக அடுக்கியிருந்தேன். அரசாங்கப் பரீட்சைக்கு இவ்வளவு கவனமாக இருந்த நாங்கள், டொலர் கட்டி எழுதும் பரீட்சைக்கு அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டோம்.

டொலர் என்றால் சும்மாவா? 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். மே மாதத்தில் அது 360ஐத் தொட்டது. 100 டொலர் என்றால் 20,000 ரூபாயாக இருந்தது 36,000 ரூபாயானது. இந்தப் பரீட்சைக்குச் சில நூறு டொலர்கள் வேண்டும். கடையில் நிற்கும் ஒரு பையனுக்கு அது பல மாதச் சம்பளம். உம்மாவின் காப்பு ஒன்று அடகுக்குப் போகும். ஒரு முறை தோற்றால் இரண்டாம் முறை எழுதுவதற்கு மனமும் இருக்காது, பணமும் இருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் தொடங்கி எங்கள் குண்டசாலை வரை நம்மவர் கடைகளுக்கு என்ன நடந்தது என்பதை இங்கு விவரிக்கத் தேவையில்லை. அதற்குப் பிறகு பல வாப்பாமார் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கடை ஒரே இரவில் போகலாம், கையிலுள்ள தொழில் போகாது, பிள்ளை படிக்கட்டும் என்று. நல்ல முடிவு. ஆனால் மூன்று தலைமுறையாகச் சரக்குப் பார்த்து வாங்கிய நாங்கள், படிப்பு என்ற சரக்கைப் பார்த்து வாங்கத் தெரியாதவர்களாக இருக்கிறோம். பட்டாணி மூடையில் கையை விட்டு அடியிலிருந்து எடுத்துப் பார்க்கிறவர், பிள்ளையின் பாடநெறிக்குத் துண்டுப்பிரசுரத்தைப் பார்த்துவிட்டே பணம் கட்டுகிறார்.

வகுப்பு நடத்தும் நண்பர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "அடிப்படை ஒன்றுதானே ஹாஜியார். புதிய புத்தகம் வாங்க இந்தப் பிள்ளைகளிடம் பணம் எங்கே? இருப்பதைக் கொண்டு சொல்லிக் கொடுக்கிறோம். ஒன்றுமில்லாமல் இருப்பதை விட இது மேல்" என்றார்.

அடிப்படை ஒன்று என்பது உண்மை. ஒரு பெரிய நிறுவனத்தில் கணனிச் சேவை எப்படி நடக்கிறது என்று விளங்கிக்கொள்ள மூன்றாம் பதிப்பும் உதவும். பல நிறுவனங்களில் அந்தப் பழைய சொற்கள்தான் இன்னும் புழங்குகின்றன என்று வேலை செய்யும் பிள்ளைகள் சொல்கிறார்கள். ஆனால் விளங்கிக்கொள்வது ஒரு தேவை, பரீட்சை எழுதுவது இன்னொரு தேவை. விளங்கிக்கொள்ளத்தான் என்றால் பழையதை இலவசமாகக் கொடுங்கள். பரீட்சைக்கு என்று சொல்லிக் காசு வாங்கினால் பரீட்சைக்குரியதைக் கொடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது.

பணமில்லை என்ற காரணமும் சரியாக நிற்கவில்லை. ஏனென்றால் இந்த விடயத்தில் புதியது எப்போதும் விலை கூடியதல்ல. 2022 முதல் உத்தியோகபூர்வ மின்னூல் பரீட்சை வவுச்சரோடு சேர்த்தே வழங்கப்பட்டது. அதன் விலை பரீட்சைக் கட்டணத்திலேயே அடங்கியிருந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளை என்னிடம் 1,300 ரூபாய் கொடுத்து வாங்கியது தேவையே இல்லாத புத்தகம்! வவுச்சரைப் பத்து நாளுக்கு முன் வாங்காமல் படிப்பைத் தொடங்கும்போதே வாங்கியிருந்தால், சரியான நூல் முதல் நாளே கையில் இருந்திருக்கும். ஏழைப் பிள்ளைக்குப் பழைய புத்தகம் கொடுப்பது உதவி என்று நாம் நினைக்கிறோம். அவர் மலிவாகப் படித்து விலை கூடத் தோற்கிறார்.

சரி, என்னதான் செய்வது? கேட்டறிந்ததை ஒரு வியாபாரியின் ஒழுங்கில் சொல்கிறேன்.

முதலாவது, புத்தகத்திலிருந்து தொடங்காதீர்கள், பரீட்சையிலிருந்து தொடங்குங்கள். எந்தப் பரீட்சை, எந்தப் பதிப்பு, எந்தப் பாடத்திட்டம் என்பதைப் பரீட்சையை நடத்தும் நிறுவனத்தின் இணையத்தளத்தில், பணம் கட்டும் அன்றே பாருங்கள். நண்பர் சொன்னார், மச்சான் சொன்னார், ஏன், இந்தப் பத்தியில் வாசித்தோம் என்றுகூட முடிவு செய்யாதீர்கள். மச்சான் பரீட்சை எழுதியது அவருடைய காலத்தில். புதிய பதிப்பு ஒன்று வரும்போது பழையதன் பரீட்சையும் சில காலம் கூடவே ஓடுவதுண்டு. அந்த நேரத்தில்தான் பழைய சரக்கைக் கழிவு விலையில் தள்ளிவிடுவார்கள்.

இரண்டாவது, பாடத்திட்டத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அது சில பக்கங்கள்தான், போட்டோ கொப்பிச் செலவு மட்டும்தான். எந்தப் புத்தகம், எந்தக் குறிப்பு, எந்த வீடியோ வந்தாலும் அந்தத் தாளோடு ஒப்பிடுங்கள். தாளிலுள்ள தலைப்பு புத்தகத்தில் இல்லையென்றால் புத்தகம் பழையது. புத்தகத்திலுள்ள பெரிய அத்தியாயம் தாளில் இல்லையென்றாலும் பழையதுதான். கணனி தெரியாத வாப்பாவாலும் இந்த ஒப்பீட்டைச் செய்ய முடியும். சாமான் பட்டியலையும் இறங்கிய மூடைகளையும் ஒப்பிடுவது போன்றதுதான் இது.

மூன்றாவது, மாதிரி வினாத்தாளைப் பரீட்சை நிறுவனத்திடமிருந்தோ அது அங்கீகரித்த பயிற்சி நிறுவனத்திடமிருந்தோ பெறுங்கள். "உண்மைப் பரீட்சை வினாக்கள்" என்று பென் டிரைவில் விற்கிறார்களே, அதன் பக்கம் போகாதீர்கள். அது உண்மையாக இருந்தால் களவெடுத்த சரக்கு. பிடிபட்டால் சான்றிதழே ரத்தாகலாம். பொய்யாக இருந்தால் ஏமாற்று. பெரும்பாலும் அது நான்கைந்து வருடக் குப்பையின் கலவை, எது எந்தப் பதிப்பு என்று விற்பவருக்கே தெரியாது.

நான்காவது, வகுப்புக்குச் சேர முன் நேரே போய்க் கேளுங்கள். எந்தப் பாடத்திட்டத்துக்குப் படிப்பிக்கிறீர்கள்? குறிப்பு எந்த வருடம் எழுதியது? பரீட்சைக் கட்டணம் இதில் அடங்குமா, வேறா? தோற்றால் மறுபடி எழுத ஏதும் வசதி உண்டா? இந்தப் பரீட்சைக்கு உங்களுக்கு அங்கீகாரம் உண்டா? கடைசிக் கேள்விக்குச் சிலர் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவைக் காட்டுவார்கள். அது நல்லதுதான், இருக்க வேண்டியதுதான். ஆனால் அது நிறுவனத்துக்கு நம் நாட்டில் உள்ள பதிவு. இந்தப் பரீட்சைக்குரிய அங்கீகாரம் வேறு. அங்கீகரிக்கப்பட்டவர்களின் பட்டியல் பரீட்சை நிறுவனத்தின் தளத்தில் இருக்கும். பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

ஐந்தாவது, சான்றிதழ் கிடைத்தாலும் கணக்கு முடிந்துவிடவில்லை. 2023 ஜனவரி முதல் இந்தச் சான்றிதழை மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. அந்தச் செலவையும் யோசித்துத்தான் இறங்க வேண்டும். வேலைக்கு இது கேட்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். சுவரில் மாட்டுவதற்காக ஒருவரும் டொலர் கட்டத் தேவையில்லை.

இவ்வளவும் வாங்குபவருக்கு. விற்பவருக்கும் கொடுப்பவருக்கும் சில வார்த்தை உண்டு.

என் கடையில் இப்போது பாவித்த கணனிப் புத்தகம் ஒவ்வொன்றின் அட்டையிலும் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறேன். எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்று அதில் எழுதியிருக்கும். தெரியாவிட்டால், "பரீட்சைக்கு அல்ல, வாசிப்புக்கு" என்று எழுதியிருக்கும். இதனால் விற்பனை குறைந்தது உண்மைதான். முன்பு மாதம் நான்கைந்து போகும், இப்போது ஒன்று போனாலும் பெரிய காரியம். பரவாயில்லை. சரக்கின் குறையைச் சொல்லி விற்பது நமக்கு மார்க்கம் கற்றுத்தந்த வியாபாரம். குறை எனக்குத் தெரியாது என்பது முதல் முறைக்குத்தான் பொருந்தும். இரண்டாம் முறை அது சாட்டு.

வகுப்பு நடத்துபவர்கள் துண்டுப்பிரசுரத்தில் ஆசிரியரின் படத்தைப் போடும் இடத்தில் ஒரு சிறு மூலையை ஒதுக்கி, எந்தப் பாடத்திட்டம் என்று அச்சிடலாம். அதற்கு மேலதிகச் செலவு ஒன்றுமில்லை. நேர்மையாக நடத்துபவர்களுக்கு அது நல்ல விளம்பரமாகவும் இருக்கும்.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் நலன்புரிச் சங்கங்களும் வாசிகசாலைக்குப் புத்தகம் சேர்க்கின்றன. வீடு துப்புரவாக்கும்போது கிடைப்பதையெல்லாம் நாங்கள் அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். கதைப் புத்தகம், வரலாறு, மொழி எல்லாம் கொடுங்கள், அவை பழசானாலும் பயன்தரும். தொழில்முறைப் பரீட்சைப் புத்தகங்களை மட்டும் வேறாக வைத்து, விடயம் தெரிந்த ஒரு பிள்ளையை அழைத்து வருடம் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். இப்படிப் பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் இன்று ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கிறார்கள். நாங்கள்தான் கேட்பதில்லை. புலமைப்பரிசில் கொடுக்கும் சங்கங்கள் பத்துப் பேருக்குப் புத்தகம் வாங்கிக் கொடுப்பதை விட, இரண்டு பேரின் பரீட்சைக் கட்டணத்தைப் பொறுப்பெடுத்தால் அது உருப்படியான உதவி.

எங்கள் பக்கத்துப் பிள்ளை இரண்டாம் முறை எழுதினாரா என்று கேட்பீர்கள். எழுதினார். இந்த முறை மின்னூல் கையில் இருந்தது, பாடத்திட்டத் தாளை நானே அச்செடுத்துக் கொடுத்தேன். கட்டணத்தில் ஒரு பங்கை நான் கட்டுகிறேன் என்றபோது அவருடைய வாப்பா மறுத்தார். "நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றார். தெரிந்து செய்யவில்லைதான். ஆனால் தெரிந்துகொள்ள நான் முயற்சிக்கவும் இல்லை என்று சொல்லித்தான் கொடுத்தேன். 33 வினா சரி. இப்போது கொழும்பில் ஒரு நிறுவனத்தில் இரவு நேர வேலை. கட்டாருக்குப் போகும் எண்ணத்தை உம்மாவுக்காகத் தள்ளிப் போட்டிருக்கிறார்.

அந்தப் பழைய புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். யாராவது விலை கேட்டால் அது விற்பனைக்கு இல்லை என்கிறேன்.